இறுங்கு ரொட்டி ஓரம் வெடிக்காமல் வந்துவிட்டது

வெள்ளை இறுங்கு (தமிழ்நாட்டில் வெள்ளைச் சோளம் என்பார்கள்) மாவில் கையால் தட்டிய ரொட்டி, ஓரம் வெடிக்காமல் கல்லில் உப்பியே வந்துவிட்டது. கோதுமை மா ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை. இலங்கை மலையகத்து நுவரெலியாக் குளிரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இறுங்கைப் பிசைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எல்லாம் மாவை வேகவைக்கும் கட்டத்தில்தான் இருக்கிறது. கோதுமை மாவை இழுபடவைக்கும் குளூட்டன் என்ற புரதம் இறுங்கில் இல்லை. மாச்சத்து வெந்து பசையானால்தான் பிடிமானம் வரும். அதற்குச் சுமார் 70 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். இந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அது போதும்தான். ஆனால் பாத்திரமும் மாவும் சில்லிட்டுக் கிடப்பதால், மேலே ஊற்றும் கொதிநீர் கிளறி முடிப்பதற்குள் ஆறிவிடுகிறது. அதனால் கொதிக்கும் நீரிலேயே மாவைக் கொட்ட வேண்டும். ஒரு கோப்பை தண்ணீர் உப்போடு தளதளவென்று கொதிக்கும்போது ஒரு கோப்பை மாவைக் கொட்டி, அகப்பைக் காம்பால் கிளறி இறக்கி, இறுக்கி மூடித் துணியால் சுற்றிவிடுகிறேன். பத்து நிமிடம் கழித்து, கை பொறுக்கும் சூட்டில், உள்ளங்கையின் அடிப்பகுதியால் தேய்த்துத் தேய்த்துப் பிசைய வேண்டும். முதலில் மணல் போல உதிரும். விடக்கூடாது. மெல்ல மினுமினுப்பு ஏறும். உருண்டையை அழுத்தினால் கீறல் விழாது. அப்போதுதான் தட்டலாம். கல்லில் போட்டதும் மேற்புறம் தண்ணீர் தடவித் திருப்பினால் உப்புகிறது. கட்டச் சம்பலும் லீக்ஸ் கறியும் அதற்கு அருமை!

மா புதிதாக இருக்க வேண்டும். பழசானால் கசக்கும், ஒட்டவும் மாட்டாது. கண்டிக்குப் போகும்போது தானியமாகவே வாங்கி வந்து இங்கே மில்லில் கொடுக்கிறேன். ஒரு மில்லில் மிளகாய் அரைத்த கையோடு என் இறுங்கைப் போட்டுவிட்டார்கள், மா முழுக்கக் காரம். இப்போதெல்லாம் காலையில் முதல் ஆளாகப் போய் நிற்கிறேன்.

இங்கே தேயிலைத் தோட்டங்களில் ரொட்டிதான் அன்றாடச் சாப்பாடு. 2022இல் கோதுமை மா விலை ஏறியபோது பட்ட பாடு மறக்கவில்லை. வறண்ட மண்ணிலும் விளையும் இந்தத் தானியம் நம் அடுப்புக்குப் பழக வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்படுகிறேன்.

அடுத்தது தோசை. மார்கழிக் குளிரில் மா புளிக்க அடுப்படிதான் கதி. முளைகட்டிக் கஞ்சி வைக்கச் சொன்னார்கள். இறுங்கு முளையில் சயனைட் உண்டாக்கும் பொருள் இருப்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. தோசைக்கு முன் தேங்காய்ப்பூ (துருவல்) சேர்த்த ரொட்டியை முடிக்க வேண்டும். அது இன்னும் திருப்பும்போது உடைகிறது. பூவை அம்மியில் அரைத்துச் சேர்த்துப் பார்க்கிறேன்.