கழிவுநீர் ஆலைக்குக் கீழே ஒரு ட்ரவுட்

கனடாவின் கால்கரிக்குக் குடிவந்து மூன்று வாரம். பாதிச் சாமான்கள் பெட்டிக்குள்ளேயே கிடக்க, நான் வரைபடத்தில் நீலக் கோடுகளைத் துழாவிக்கொண்டிருந்தேன். சேரன்மகாதேவியில் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவன். எந்த ஊருக்குப் போனாலும் ஆறு எங்கே என்றுதான் முதலில் கேட்பேன். இங்கே கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ராக்கி மலைப் பனியாற்றில் பிறக்கும் ஆறு நகரத்தின் நடுவிலேயே ஓடுகிறது. வில் செய்ய ஏற்ற மரங்கள் கரையில் நின்றதால் அதற்கு 'போ' (Bow, ஆங்கிலத்தில் வில்) என்று பெயராம். "எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" என்று மனைவி கேட்க, "போ" என்று பதில் சொல்லி ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆறு வாசலில் இருக்க, நான் போனது பான்ஃப் தேசியப் பூங்காவுக்கு. மேற்கே 130 கிலோமீட்டர். புகைப்படங்கள் செய்த வேலை. மாநில மீன்பிடி உரிமம் தேசியப் பூங்காவுக்குள் செல்லாது, அதற்குத் தனியாக ஒன்று வாங்க வேண்டும். வாங்கினேன். மயில்கழுத்து நிறத்தில் தண்ணீர், பின்னால் பனி போர்த்திய சிகரம், காலை முதல் மாலை வரை நின்றதற்கு விரல் நீளத்தில் ஒரு மீன். அதுவும் கரைக்கு வருவதற்குள் நழுவிவிட்டது.

தாமிரபரணியில் எனக்குத் தெரிந்த தூண்டில் வேறு. அங்கே இரைக்குக் கனம் உண்டு. வீசினால் அது நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் எல்லாம் தலைகீழ். பூச்சி போலத் தெரிய இறகும் நூலும் சுற்றிய முள்ளுக்குக் கனமே கிடையாது. கனமெல்லாம் தடித்த கயிற்றில். கயிற்றைப் பின்னால் வீசி, அது முழுதும் நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். அந்தப் பொறுமைதான் எனக்கு வாய்க்கவில்லை. முதல் வாரத்தில் நான் பிடித்தவை: ஒரு வில்லோ மரக்கிளை, என் தொப்பி, என் காது.

பான்ஃப் போய் வந்த கதையைத் தூண்டில் கடைக்காரரிடம் புலம்பியபோது அவர் சிரித்தார். "அங்கே தண்ணீர் மிகவும் சுத்தம். மீன் எதைத் தின்னும்?" என்றார். பனி உருகி வரும் குளிர்ந்த நீரில் சத்து குறைவு. பாசி குறைவு, பூச்சி குறைவு, மீனும் குறைவு. நகரத்தைத் தாண்டும்போதுதான் ஆறு கொழுக்கிறது. பானிப்ரூக், ஃபிஷ் க்ரீக் ஆலைகள் சுத்திகரித்து விடும் கழிவுநீரில் பாஸ்பரஸும் நைட்ரஜனும் கலந்து வருகின்றன. நீர்ச்செடி வளர்கிறது, அதில் பூச்சி பெருகுகிறது, பூச்சியைத் தின்று ட்ரவுட் என்னும் மீன் பருக்கிறது. கனடாவின் பெயர்பெற்ற ட்ரவுட் ஆற்றின் ரகசியம் இதுதான் என்றால் என்ன சொல்வது? சாக்கடை கலக்கும் இடத்தில் மீன் பிடிக்காதே என்று அடித்து வளர்த்த ஆச்சி நினைவுக்கு வந்தாள்.

அந்த ட்ரவுட்டும் இந்த ஆற்றுக்குப் பழசில்லை. 1925-இல் மீன்குஞ்சு ஏற்றிவந்த லாரி ஒன்று வழியில் பழுதாகி நின்றுவிட, சாவதற்குள் பிழைக்கட்டும் என்று கேரட் க்ரீக் ஓடையில் கொட்டிவிட்டார்களாம். பழுப்பு ட்ரவுட் வந்த கதையை இப்படித்தான் சொல்கிறார்கள். மண்ணின் மீன் புல் (Bull) ட்ரவுட். ஆல்பர்ட்டாவின் மாநில மீன். அதை 1995 முதல் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. முதுகுத் துடுப்பில் கரும்புள்ளி இல்லையா, விட்டுவிடு என்பது இங்கே பிள்ளைப்பாடம்.

ஜூனில் மலைப்பனி உருகி ஆறு கலங்கலாகப் பெருகியது. இறங்க வழியில்லை. ஜூலைக் கடைசியில் தெளிந்தது. அலுவலகம் விட்டதும் ஃபிஷ் க்ரீக் பூங்கா வழியாக ஆற்றுக்குப் போய், மார்புவரை வரும் ரப்பர் கால்சட்டையோடு இறங்கினேன். காற்றில் சலவைத்தூள் போல ஒரு மெல்லிய வாடை. மூக்கைச் சுளித்தேன், பிறகு மறந்துவிட்டேன். இருட்டத் தொடங்கியதும் கேடிஸ் பூச்சிகள் கிளம்பின, மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்புவது போல. வாயில் போயின, கண்ணாடிக்குள் போயின. கைக்கெட்டும் தூரத்தில் மீன்களின் மூக்குகள் நீரைக் கிழித்தன. கேடிஸ் போலவே கட்டிய என் முள்ளை மட்டும் ஒன்றும் சீண்டவில்லை.

மேலே நின்றிருந்த ஒரு பெரியவர் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, இறங்கி வந்து ஒரு முள் தந்தார். சிவப்புச் செம்புக் கம்பியைச் சுற்றிய முள், அவ்வளவுதான். "என்ன பூச்சி இது?" என்றேன். "மண்புழு" என்றார். அதற்கு மேலே நரம்பில் ஒரு சின்ன ஆரஞ்சுப் பந்தையும் மாட்டச் சொன்னார். தக்கை! உயிர் இரைக்கு இங்கே தடை. கம்பிப் புழுவுக்கு இல்லை. ஆயிரம் டாலருக்குத் தடியும் உருளையும் வாங்கி, கடைசியில் பத்து வயதில் செய்ததையே செய்துகொண்டிருந்தேன்.

நான்காவது வீச்சில் பந்து முங்கியது. ஒரு முழத்துக்குக் குறையாத வானவில் ட்ரவுட், இரண்டு முறை துள்ளி, கயிற்றை உருவிக்கொண்டு கீழ்நோக்கி ஓடியது. பெரியவர் வலையோடு பின்னால் ஓடினார். கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்தேன். விலாவில் ரோஜாநிறப் பட்டை, கொழுத்த வயிறு. நீரோட்டத்துக்கு எதிரே முகம் திருப்பிப் பிடித்திருந்தேன். வாலால் என் மணிக்கட்டில் ஓர் அடி அடித்துவிட்டுப் போனது.

2016-இல் பான்ஃப் பக்கம் ட்ரவுட்டைத் தாக்கும் சுழல்நோய் கண்டறியப்பட்ட பிறகு, அது பரவாமலிருக்க அடுத்த ஆற்றில் இறங்குமுன் பூட்ஸைத் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்குப் பால்கனியில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தேய்க்கும் பிரஷ்ஷைத் தேடித்தான் அன்று மூன்று பெட்டிகளைப் பிரித்தேன் என்பதை மனைவி இன்னும் மறக்கவில்லை.