குழாயைத் திறந்தால் ஃபிரிட்ஜ் நிற்கும்

குளச்சலில் நான் பார்ப்பது படகு வயரிங். வள்ளத்துக்கு விளக்கு, விசைப்படகுக்கு பேட்டரி லைன், ஜிபிஎஸ்ஸுக்கும் எக்கோ சவுண்டருக்கும் கரண்ட் இழுத்துக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. ரோட்டில் ஓடும் வண்டி வேலை அதிகம் எடுப்பதில்லை. ஆடிக் காற்று அடங்கிய சமயத்தில் கோயம்புத்தூர்த் தம்பி ஒருத்தர் தேடி வந்தார். சொத்தவிளைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கேம்பர் டிரெய்லரைப் போட்டுக் குடும்பத்தோடு தங்கியிருந்தவர். காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற சின்ன வீடு அது. படுக்கை, அடுப்பு, 12 வோல்ட் ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்ப், எல்இடி விளக்கு, கூரையில் சோலார் பேனல், அடியில் 100 ஆம்பியர் ஹவர் பேட்டரி.

"அண்ணா, பேட்டரி போச்சுங்க. வர்ற வழியில ஒரு கடையில காட்டினேன், புதுசு மாத்தச் சொல்லிட்டாங்க."

"வேற என்ன செய்யுது தம்பி?"

"ஃபிரிட்ஜ் நின்னு நின்னு ஓடுது. குழாயைத் திறந்தா உடனே நின்னுருது."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பேட்டரி மேல் இருந்த சந்தேகம் பாதி போய்விட்டது. ஃபிரிட்ஜும் பம்பும் வேறு வேறு ஃபியூஸில் இருந்தன. அப்படியிருந்தும் ஒன்று ஓடும்போது இன்னொன்று சாகிறது என்றால், இரண்டும் சேர்ந்து போகிற வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது.

சோலார் லைனைச் சாயங்காலமே கழற்றிப் போடச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை அக்கா மகனோடு போனேன். ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த பேட்டரியில் மீட்டர் 12.6 காட்டியது. லெட் ஆசிட் பேட்டரிக்கு இது கிட்டத்தட்ட முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் காலி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சும்மா கிடக்கும்போது எடுத்த அளவை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. செத்த பேட்டரியும் லோடு இல்லாதபோது 12.6 காட்டும்.

ஃபிரிட்ஜை ஓடவிட்டோம். கிளாம்ப் மீட்டரில் 5 ஆம்பியர். பேட்டரி முனையில் 12.5-தான் இருக்கிறது, அசையவில்லை. ஃபிரிட்ஜின் முதுகில் வயர் ஏறும் இடத்தில் வைத்தால் 10.7.

"மாமா, பேட்டரி நல்லாத்தானே இருக்கு, அப்போ 1.8 வோல்ட் எங்க போச்சு?" என்றான் அக்கா மகன்.

அதைத்தான் தேடணும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை ஃபிரிட்ஜின் பிளஸ்ஸிலும் வைத்தோம். 0.4. வயர் மெலிசு, 1.5 சதுர மில்லிமீட்டர், ஏழு மீட்டர் நீளம். அவ்வளவு தூரத்துக்கு அது இழக்க வேண்டியதைத்தான் இழக்கிறது. அப்புறம் மைனஸுக்கும் மைனஸுக்கும் நடுவே வைத்தோம். 1.4. கரண்ட் போகிற வழி சுமார், திரும்பி வருகிற வழி படுமோசம். பம்பும் சேர்ந்து ஓடினால் இந்த இழப்பு இரண்டு மடங்கு ஆகும். ஃபிரிட்ஜின் கன்ட்ரோலர் பேட்டரி காலி என்று நினைத்து கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்கிற வேலை, கோளாறு இல்லை.

இங்கேதான் படகுக்காரன் கண் உதவியது. மரமோ ஃபைபரோ, படகு உடம்பில் கரண்ட் ஓடாது. அதனால் எதற்கும் போக ஒரு வயர், வர ஒரு வயர் என்று இரண்டாகத்தான் இழுப்போம். டிரெய்லர் கட்டுகிறவர்கள் கார் வழக்கப்படி, வருகிற வயரை மிச்சம் பிடித்துச் சேஸிஸ் இரும்பில் ஒரு போல்ட் போட்டு முடித்துவிடுகிறார்கள். கடலுக்குத் தள்ளியிருக்கிற ஊர்களில் அது பல வருஷம் ஓடும். ஆனியிலும் ஆடியிலும் இந்தக் கரையில் அடிக்கிற காற்றில் சன்னல் கம்பியிலேயே உப்புப் படியும். டிரெய்லரின் அடிப்பக்கம் மட்டும் தப்புமா?

எதையும் வெட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை. தடியான ஒரு வயரை பேட்டரி மைனஸிலிருந்து ஃபிரிட்ஜ் மைனஸுக்கு நேராகப் பிடித்தோம். ஃபிரிட்ஜில் 12 வோல்ட்டைத் தாண்டி வந்துவிட்டது. குழாயைத் திறக்கச் சொன்னேன். ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டே இருந்தது. புது பேட்டரிக்குக் கொடுக்கவிருந்த பணம் அந்த நிமிஷம் தம்பிக்கு மிச்சம்.

சக்கரத்துக்குப் பின்னால் படுத்துப் பார்த்தால் எர்த் போல்ட் கிடைத்தது. பெயின்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே லக்கை, அதாவது வயர் நுனியில் மாட்டும் வளையத்தை, வைத்து முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை மட்டும்தான் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது, அதுவும் துரு. லக்கின் மேல் பச்சைக் களிம்பு. சுரண்டி மறுபடி முடுக்கினால் போதாதா என்று கேட்டார் தம்பி. வயரின் தோலைக் கத்தியால் கீறிக் காட்டினேன். நாலு விரல்கடைக்கு உள்ளே வரை செம்பு கறுத்துப் போயிருந்தது. உப்புத் தண்ணீர் இழைக்கு இழை ஏறி உள்ளே போய்விடும். அப்படிக் கறுத்த செம்பில் ஈயமும் பிடிக்காது, லக்கை நசுக்கிப் பிடிக்க வைக்கிற கிரிம்ப்பும் நிற்காது. வெட்டி எறியணும்.

துறைமுகத்துப் பக்கம் படகு சாமான் விற்கும் கடையில் வெள்ளீயம் பூசிய செம்பு வயர், 6 சதுர மில்லிமீட்டர், கறுப்பும் சிவப்பும் வாங்கினோம். சூடு காட்டினால் சுருங்கி வயரைக் கவ்வும் ஹீட் ஷ்ரிங்க் டியூப், உள்ளே பசை வைத்தது, அதுவும் வாங்கினோம். சாதா டியூப் சுருங்கும், ஆனால் ஈரத்தைத் தடுக்காது. விலை வித்தியாசம் டீக்காசு. ஃபிரிட்ஜுக்குத் தனி ஜோடி, பம்புக்குத் தனி ஜோடி, எல்லா மைனஸும் பேட்டரி பக்கத்தில் ஒரு செம்புப் பட்டையில் சேரும். பிளஸ் லைனில் ஃபியூஸ் ஃபிரிட்ஜ் அருகில் இருந்தது. அதை பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுவந்தேன். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரைத்தான். வழியில் வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால், கடைசியில் இருக்கிற ஃபியூஸ் வேடிக்கைதான் பார்க்கும். முடித்துவிட்டு அளந்தால் ஃபிரிட்ஜில் 12.3.

சார்ஜ் ஏறுவதைப் பற்றியும் பார்த்தோம். கார் ஓடும்போது டிரெய்லர் பேட்டரிக்கு ஏறும் என்று விற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கார் முனையில் 14.2, இங்கே வரும்போது 13-கூட இல்லை. இன்டிகேட்டர் போகிற சாக்கெட் வழியாக மெலிசு வயரில் வந்தால் அப்படித்தான். இதற்கு டிசி-டிசி சார்ஜர் என்று ஒன்று இருக்கிறது, வருகிற வோல்ட்டை ஏற்றி பேட்டரிக்கு வேண்டிய அளவில் கொடுக்கும். ஊருக்குப் போய்ப் போட்டுக்கொள்கிறேன் என்றார். சோலார் பேனலில் கோளாறே இல்லை. தென்னை நிழல்தான். செல்கள் எல்லாம் வரிசையாக இணைந்திருப்பதால் ஒரு ஓலையின் நிழல் குறுக்கே விழுந்தாலே பாதிக்கு மேல் போய்விடும். டிரெய்லரைத் தள்ளிப் போடச் சொன்னேன். வெயில் தாங்காது என்று அவர் வீட்டம்மா மறுத்துவிட்டார், அதுவும் நியாயம்தான்.

எனக்கு உண்மையில் பயம் தந்தது 12 வோல்ட் இல்லை. தோப்புக்காரர் மோட்டார் ஷெட்டிலிருந்து ஒயர் இழுத்து 230 வோல்ட் கொடுத்திருந்தார். "சில நேரம் கதவைத் தொட்டா சுருக்குங்குது" என்று தம்பியின் பிள்ளை சொன்னது. டெஸ்டரைச் சட்டத்தில் வைத்தேன், எரிந்தது. அந்த 230 வோல்ட்டில் பேட்டரியை ஏற்றுகிற சார்ஜருக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாக உடம்புக்குக் கொஞ்சம் கசியும், எர்த் இருந்தால் அது தெரியாமல் போய்விடும். இங்கே எர்த் வயர் ஷெட்டு சாக்கெட்டுக்குள்ளேயே எங்கும் சேராமல் தொங்கியது. டிரெய்லர் நிற்பது ரப்பர் டயரில், பிள்ளை நிற்பது ஈர மணலில். இன்றைக்குச் சுருக்கென்று இருப்பது, சார்ஜரில் இன்சுலேஷன் போனால் ஆளையே கொல்லும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். தோப்புக்காரர் முதலில் முகம் சுளித்தார். "ஷெட்டு ஆர்சிசிபில டெஸ்ட் பட்டன அமுக்கினா டிரிப் ஆகுதே அண்ணாச்சி, அப்போ எர்த் சரிதானே?" என்றார். ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிந்தால் லைனை வெட்டிவிடும் சுவிட்ச். அந்தப் பட்டன் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கசிவைக் காட்டி ஆர்சிசிபியை விழ வைக்கிறது. எர்த் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பு போட்டு எரியாததைக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஷெட்டு ஓரமாகப் புது எர்த் போட்டார். டிரெய்லருக்குள் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை நான் மாட்டிக் கொடுத்தேன். எந்த ஊரில் யார் வீட்டுப் பிளக்கில் செருகினாலும் முதலில் சட்டத்தில் டெஸ்டரை வைத்துப் பார்க்கச் சொல்லி, என் டெஸ்டரையே தம்பி கையில் கொடுத்து அனுப்பினேன்.