டீசால்டர் நாட்குறிப்பு

ஜூலை 8

புதுக் கச்சா எண்ணெய் இன்று காலை யூனிட்டுக்குள் வந்துவிட்டது. ஈராக்கின் பாஸ்ரா ஹெவி, வழக்கமான லைட் கச்சாவோடு கலந்து வருகிறது. கச்சாவிலிருந்து உப்பை எடுக்கும் கலனான டீசால்டருக்கு முன்னால் எடுத்த சாம்பிளில் ஆயிரம் பீப்பாய்க்கு 38 பவுண்டு உப்பு என்கிறது லேப். வெளியே போகும்போது அது 1 பவுண்டுக்குக் கீழே இருந்தாக வேண்டும்.

இந்த உப்பைத் தப்பவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் ஆட்களே பலர் யோசிப்பதில்லை. மெக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் ஃபர்னஸ் சூட்டில் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகும். கச்சாவை வடித்துப் பிரிக்கும் கோபுரத்தின் உச்சியில் முதல் தண்ணீர்த் துளி உருவாகும் இடத்தில் அது அமிலமாக மாறி, கண்டென்சர் குழாய்களை அரிக்கும். சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு பெரும்பாலும் அப்படி உடையாது. அடி எண்ணெயோடு போய் கேட்டலிஸ்ட்டைக் கெடுக்கும்.

ஜூலை 9

புதிதாகச் சேர்ந்த டிரெய்னி பையன் கேட்டான்: "சார், எண்ணெயில இருந்து தண்ணியைப் பிரிக்கணும்னு சொல்றீங்க, அப்புறம் நாமளே ஏன் தண்ணி விடுறோம்?"

நல்ல கேள்வி. உப்பு எண்ணெயில் கரைந்து இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்த் துளிகளுக்குள்ளும், சில சமயம் படிகமாகவும் ஒளிந்திருக்கிறது. ஆகவே நூற்றுக்கு ஐந்தாறு பங்கு நல்ல தண்ணீரை விட்டு, மிக்ஸ் வால்வில் நெருக்கிக் கலக்கி, உப்பை அந்தத் தண்ணீருக்கு மாற்றுகிறோம். பிறகு 130 டிகிரி சூட்டில் பெரிய படுக்கைக் கலனுக்குள் விட்டு, உள்ளே இருக்கும் மின்முனை வலைகளான கிரிட்டுகளுக்கு 20,000 வோல்ட் பக்கம் கொடுக்கிறோம்.

மின்சாரம் அழுக்கை இழுத்து எடுக்கிறது என்றுதான் அவன் நினைத்திருந்தான். அப்படியில்லை. மின்புலத்தில் ஒவ்வொரு துளிக்கும் ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின் ஆகிவிடுகிறது. புலத்தின் திசையில் அடுத்தடுத்து இருக்கும் துளிகளின் எதிரெதிர் முனைகள் ஒன்றையொன்று இழுக்கின்றன, துளிகள் சேர்ந்துகொள்கின்றன. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் திசை வினாடிக்கு 100 தடவை மாறுகிறது. ஆனால் எல்லாத் துளிகளும் கூடவே மாறுவதால் இழுப்பு இழுப்பாகவே இருக்கிறது. இடைவெளி பாதியானால் இழுவிசை 16 மடங்கு. துளியின் விட்டம் இரட்டித்தால் இறங்கும் வேகம் 4 மடங்கு. துளிகளைச் சேர்ப்பதோடு மின்சாரத்தின் வேலை முடிந்தது. கீழே கொண்டுபோவது புவியீர்ப்புதான்.

அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எனக்கும் சந்தோஷம்.

ஜூலை 11

ராத்திரி ஷிஃப்ட். இரண்டு மணிக்கு மேல் டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்ஸ் ஏறத் தொடங்கியது, வோல்ட் சரிந்தது. தொடரில் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சுருளான ரியாக்டர் இருப்பதால் எதுவும் எரியாது. ஆனால் புலம் போய்விட்டால் அது வெறும் தொட்டிதான்.

லெவல் கருவி, எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் மட்டம் சரி என்றது. நான் நம்பவில்லை. ஃபீல்டு ஆபரேட்டர் அண்ணனோடு போய், கலனின் வெவ்வேறு உயரங்களில் இருக்கும் சாம்பிள் குழாய்களான ட்ரை காக்குகளை மேலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். மேல் காக்கில் எண்ணெய். சுத்த எண்ணெய் வர வேண்டிய அடுத்த காக்கிலேயே பழுப்பு நிறக் குழம்பு, கூலரைத் தாண்டிச் சொட்டாமல் திரண்டு நின்றது. கையுறையில் தேய்த்தால் நறநறவென்று கருப்புத் தூள், இரும்பு சல்ஃபைடு. அண்ணன் சொன்னார், "ராக் லேயர் கிரிட்டைத் தொட்டுருச்சு தம்பி. இன்னும் ஏறுனா அவ்வளவுதான்." எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே தேங்கும் அந்தக் குழம்புதான் ராக் லேயர்.

டிரான்ஸ்ஃபார்மர் டேப்பை மாற்றி வோல்ட்டை ஏற்றலாம் என்று பேனலில் ஒரு குரல். நான் ஒத்துக்கொள்ளவில்லை. புலம் ஓர் அளவைத் தாண்டினால் துளி நீண்டு, முனை கூர்மையாகி, அங்கிருந்து பொடித்துளிகளாகச் சிதறும். அந்தக் கூம்பு வடிவத்தை ஜி. ஐ. டெய்லர் 1964இல் கணித்தே காட்டிவிட்டார். சேர்க்க வேண்டிய கருவியே உடைக்கும் கருவியாகிவிடும்.

கலக்கும் வேகத்தைத் தணிக்க, மிக்ஸ் வால்வின் அழுத்த இழப்பை 1.2 பாரிலிருந்து 0.6க்கு இறக்கினோம். எண்ணெய்-தண்ணீர் மட்டமான இன்டர்ஃபேஸை இறக்கி, குழம்பை உடைக்கும் மருந்தான டிமல்சிஃபயரைக் கூட்டினோம். விடியும்போது ஆம்ப்ஸ் மெல்லத் திரும்பியது.

ஜூலை 12

காரணம் இரண்டு இடத்தில் கிடைத்தது. ஆலையில் மிச்சமாகிச் சேரும் ஸ்லாப் டேங்க் எண்ணெயை அதே ராத்திரி கச்சாவோடு கலந்திருக்கிறார்கள். அம்மோனியா போன்ற வாயுக்களை நீக்கும் ஸ்ட்ரிப்பரிலிருந்து நமக்குக் கழுவும் தண்ணீராக வருவதன் பி.எச். 9ஐத் தாண்டியிருக்கிறது, அம்மோனியா மிச்சம். காரம் கூடினால் கச்சாவில் இருக்கும் நாஃப்தீனிக் அமிலங்கள் சோப்பாகும். கனமான கச்சாவில் இருக்கும் தார் போன்ற அஸ்ஃபால்டீன்கள் பால் மேல் ஆடை படிவது போலத் துளியைச் சுற்றிக்கொள்ளும். அப்புறம் துளிகள் தொட்டாலும் சேராது. எத்தனை ஆயிரம் வோல்ட் கொடுத்து என்ன பயன்?

ஸ்லாப்பை நிறுத்தினோம். தண்ணீரையும் மாற்றியாயிற்று.

ஜூலை 14

விடுமுறை. இந்த வித்தையின் ஆரம்பத்தைத் தேடிப் படித்தேன். பெர்க்லியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஃபிரெடரிக் காட்ரெல், ஆலைப் புகையை உயர் மின்னழுத்தத்தால் பிடிக்கும் கருவியைச் செய்தவர். அப்போது கலிஃபோர்னியா கிணறுகளில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாத குழம்பாக வந்துகொண்டிருந்தது. அதையும் மின்சாரத்தால் உடைக்கும் முறைக்கு பக்னர் ஸ்பீடோடு சேர்ந்து 1911இல் காப்புரிமை வாங்கினார். புகைக் கருவியின் உரிமையைத் தன் பணமாக்காமல், 1912இல் ரிசர்ச் கார்ப்பரேஷன் அமைப்பைத் தொடங்கி அறிவியல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார். பெரிய மனசு. நம் டிரெய்னிகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

ஜூலை 16

வெளியே போகும் உப்பு 0.9 பவுண்டு. எண்ணெயோடு போகும் தண்ணீர் 0.2 சதவீதம். மட் வாஷ் போட்டு அடிச்சேற்றைக் கிளறி வெளியேற்றினோம். வெளியேறும் உப்புத்தண்ணீரான பிரைனில் எண்ணெய் குறைந்துவிட்டது என்று கழிவுநீர் பிளான்ட்டிலிருந்து அவர்களே போன் செய்தார்கள்.

லாக் புக்கில் எழுதிவைத்திருக்கிறேன்: ஷிஃப்டுக்கு இரண்டு தடவையாவது ட்ரை காக்கைத் திறந்து பார்க்க வேண்டும், ஆம்ப்ஸ் ஏறும்வரை காத்திருக்கக் கூடாது. அடுத்த கச்சா பார்சல் 20ஆம் தேதி டேங்குக்கு வருகிறது. அதற்குள் அந்தக் கலவையில் எந்த டிமல்சிஃபயர் ஒத்துவரும் என்று பாட்டிலில் பார்க்கும் டெஸ்ட்டை முடித்துத் தரும்படி லேப்பிடம் கேட்டிருக்கிறேன்.