சியெனாவில் பதினேழு சின்னங்கள்: குழந்தைகளோடு ஒரு படவேட்டை

சியெனாவின் தெருமுனைகளில், பெரியவர்களின் தலைக்கும் மேலே, சுவரில் சிறு பலகைகள் பதிந்திருக்கும். ஒன்றில் நத்தை, இன்னொன்றில் முள்ளம்பன்றி, வேறொன்றில் முதுகில் கோபுரம் சுமக்கும் யானை. கதீட்ரலையும் காம்போ சதுக்கத்தையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் பெரியவர்கள் இவற்றைக் கவனிப்பதே இல்லை. குழந்தைகளோ ஒன்றைக் காட்டிவிட்டால் போதும், அடுத்ததை அவர்களே தேட ஆரம்பித்துவிடுவார்கள். இத்தாலியில் படவேட்டைக்கு, அதாவது சீட்டிலுள்ள குறிப்பை வைத்துத் தேடிப் படமெடுக்கும் விளையாட்டுக்கு, ஒரே ஓர் ஊரைச் சொல்லச் சொன்னால் ஃபிளாரன்ஸையும் வெனிஸையும் விட்டுவிட்டுச் சியெனாவைத்தான் சொல்வோம். இங்கே தேட வேண்டியவை நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் அறைகளுக்குள் இல்லை, தெருவிலேயே இருக்கின்றன. முக்கியமாக, எத்தனை என்ற கணக்கு திட்டவட்டமானது: பதினேழு.

சியெனாவின் பழைய நகரம் பதினேழு பேட்டைகளாகப் பிரிந்தது. ஒவ்வொன்றுக்கும் கொன்த்ராதா என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் தனிக்கொடி, தனிநிறங்கள், தனி வழிபாட்டுக்கூடம், தனி நீரூற்று உண்டு. பேட்டையில் சேர்பவருக்கு அந்த நீரூற்றடியில்தான் பேட்டையின் ஞானஸ்நானம் நடக்கும். எல்லைகளை வகுத்தவர் 1730இல் ஊரை ஆண்ட பவாரியாவின் இளவரசி வியொலாந்தே. இன்றும் அதே எல்லைகள்தான். ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய இரண்டு நாளும் காம்போ சதுக்கத்தில் நடக்கும் பாலியோ குதிரைப் பந்தயத்தில் இந்தப் பேட்டைகளே மோதுகின்றன. ஒரு பந்தயத்துக்குப் பத்துப் பேட்டைகள், மூன்று சுற்று. சுவரில் உள்ள பலகைகள் அந்த எல்லைக்கற்கள் என்பதைக் குழந்தைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "இதைத் தாண்டினால் அடுத்தவர் ஊர்" என்று தெரிந்தபின் ஒவ்வொரு மூலையையும் அவர்கள் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

வீட்டிலேயே செய்யவேண்டிய வேலை ஒரு மாலைப்பொழுதுக்கானது. மூன்று ஏ4 தடித்த அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றையும் எட்டாக வெட்டினால் 24 சீட்டுகள் வரும். பதினேழு பேட்டைகளுக்கு, மீதி ஏழு கூடுதல் புதிர்களுக்கு. சீட்டின் மூலையில் துளையிட்டு ஒரு வளையத்தில் கோத்துவிடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் முதல் காற்றிலேயே இரண்டு பறந்துவிடும். சீட்டில் சின்னத்தின் படத்தை ஒட்டவேண்டாம். நிறங்களை மட்டும் பட்டைகளாகத் தீட்டி, ஒரு வரிக் குறிப்பு எழுதினால் போதும். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு மட்டும் சின்னத்தின் நிழலுருவம் ஒன்றைச் சேர்க்கலாம்.

குறிப்புகளில் சுவையானவை, பெயரும் சின்னமும் பொருந்தாத பேட்டைகளுக்கானவை. தோர்ரே என்றால் கோபுரம், ஆனால் தேடவேண்டியது யானை. செல்வா என்றால் காடு. அங்கே மரத்தடியில் காண்டாமிருகம் நிற்கும். ஓண்டா என்றால் அலை, அதன் சின்னம் முடிசூடிய டால்பின். நிக்கியோ சிப்பி என்பதால் விலங்கைத் தேடினால் கிடைக்காது. லெயோகோர்னோவில் ஒற்றைக்கொம்புக் குதிரை, ப்ரூக்கோவில் முடிசூடிய கம்பளிப்பூச்சி. பெரியவர்களுக்கே இவை நல்ல புதிர்கள்.

நிறங்களில்தான் பிழை அதிகம் நேரும். கியோச்சோலா என்கிற நத்தைப் பேட்டைக்குச் சிவப்பும் மஞ்சளும், கூட நீலம். வால்திமொந்தோனே என்கிற செம்மறிக்கடாப் பேட்டைக்கும் அதே சிவப்பு மஞ்சள், கூட வெள்ளை. மூன்றாவது நிறத்தைப் பார்க்காமல் படமெடுத்தால் மாறிப்போகும். வாத்துப் பேட்டையான ஓக்காவின் நிறங்கள் பச்சை, வெள்ளை, சிவப்பு. ஆகவே எங்காவது தொங்கும் இத்தாலி தேசியக்கொடியைப் படமெடுத்துவந்து "ஓக்கா கிடைத்துவிட்டது" என்பார்கள். ஓநாய்ப் பேட்டையான லூப்பாவில் குழப்பம் இன்னும் பெரிது. இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் பெண் ஓநாய் சியெனா நகரத்துக்கே சின்னம். ரோமை நிறுவிய ரோமுலஸின் தம்பி ரேமுஸின் பிள்ளைகள் செனியோவும் அஸ்கியோவும் இந்த ஊரை நிறுவினார்கள் என்பது கதை. அதனால் தொலொமெயி சதுக்கத்திலும் வேறு பல இடங்களிலும் தூணுச்சியில் ஓநாய் நிற்கும். "தூணில் இருந்தால் நகரத்துடையது, ஆரஞ்சு நிறம் கூட இருந்தால் பேட்டையுடையது" என்று ஒரு விதியை முன்பே சொல்லிவைத்தால் சண்டை வராது.

இன்னொரு சண்டை, கைபேசி யார் கையில் என்பது. வேட்டை பாதியில் நிற்பதற்குக் களைப்பைவிட இதுவே பெரிய காரணம். இரண்டு குழந்தைகள் என்றால் ஒருவர் வரைபடம், ஒருவர் படம். பேட்டை மாறியதும் வேலை மாறும். ஒரு சீட்டுக்கு மூன்று படம் மட்டும் எடுக்கலாம் என்று வரம்பு வையுங்கள். வரம்பில்லையென்றால் முப்பது படம் எடுத்துவிட்டு எதையும் பார்க்காமல் வருவார்கள். ஒவ்வொரு படத்திலும் வேட்டைக்குழுவின் அடையாளம் ஒன்று, சிவப்புக் கயிறோ சிறு பொம்மையோ, ஓரத்தில் தெரியவேண்டும். அதைப் படத்துக்குள் பொருத்த முயலும்போதுதான் குழந்தை நின்று, நிதானித்துக் கோணம் பார்க்கும்.

படமெடுப்பதிலும் சில நுட்பங்கள் உண்டு. சந்துகள் இருண்டவை, மேலே வானம் வெளுத்திருக்கும். அண்ணாந்து அப்படியே எடுத்தால் பலகை கறுத்துப்போகும். திரையில் பலகையின் மேல் விரலால் தொட்டு, வெளிச்சம் சரியாகும்வரை பொறுத்து எடுக்கச் சொல்லுங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், மெருகிட்ட பீங்கான் பலகையில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெறிக்கும். சுவருக்கு நேர்கீழே நின்றால் சின்னம் சாய்ந்து நசுங்கித் தெரியும். எதிர்ச்சுவர்வரை பின்னால் போய், முதுகைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் நேராக வரும். பின்னால் போகும்போது வண்டி வருகிறதா என்று பெரியவர் பார்க்கவேண்டும். பழைய நகரத்துக்குள் வெளியூர்க் கார்களுக்கு அனுமதியில்லை என்றாலும் சரக்கு வண்டி, டாக்ஸி, ஸ்கூட்டர் வரும், நடைபாதையோ பல தெருக்களில் கிடையாது.

வழியைத் தீர்மானிப்பதில் ஒரே கொள்கை, ஏற்றத்தைக் குறைப்பது. சியெனா மூன்று முகடுகளின் மேல் அமைந்த ஊர். அதனாலேயே தெர்சோ எனப்படும் மூன்று பகுதிகள்: காமோல்லியா, சித்தா, சான் மார்த்தினோ. ரயில் நிலையம் பள்ளத்தில் இருக்கிறது. எதிரிலுள்ள வணிக வளாகத்தின் வழியே நகரும் படிக்கட்டுகள் அடுக்கடுக்காக மேலே ஏறிக் காமோல்லியா வாசலுக்கு அருகே விடும். அங்கேயே வேட்டையைத் தொடங்குவது நல்லது. வாசலின் வெளிவளைவில் "இந்த வாசலைவிட அகலமாகச் சியெனா தன் இதயத்தை உனக்குத் திறக்கிறது" என்ற பொருளில் லத்தீன் வாசகம் பொறித்திருக்கிறது. கூடுதல் புதிர்களில் முதலாவது அது. ஃபிளாரன்ஸிலிருந்து பேருந்தில் வந்தால் கிராம்ஷி சதுக்கத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து பத்து நிமிடம் பின்னோக்கி நடந்து வாசலுக்கு வந்துவிடுங்கள்.

காமோல்லியா தெருவில் முள்ளம்பன்றி, இஸ்த்ரிச்சே. பிறகு வல்லெரோசி தெருவில் இறங்கினால் லூப்பா. அடிவாரம்வரை போய், கொமூனே தெருவழியே ஏறினால் ப்ரூக்கோ. அந்த ஏற்றம் செங்குத்தானது, குழந்தையின் தள்ளுவண்டியோடு ஏற முடியாது. கைக்குழந்தை இருந்தால் மார்பில் கட்டும் பையே சரி. அடுத்து ப்ரொவென்சானோ தேவாலயத்தின் பக்கம் ஒட்டகச்சிவிங்கி, ஜிராஃபா. மாத்தியொத்தி சதுக்கத்தில் டிராகன். பின்பு ஓக்காவைத் தேடி ஃபோந்தெபிராந்தாவுக்கு இறங்கவேண்டும். ஊரின் பழைய பெருநீரூற்று அது. 1246இல் இன்றைய வடிவில் கட்டியது, மூன்று கூர்வளைவுகள், முகப்பில் சிங்கத் தலைகள். அதற்கு நீர் கொண்டுவரும் பொத்தீனி என்ற நிலத்தடிக் கால்வாய்கள் ஊருக்கடியில் சுமார் 25 கிலோமீட்டர் ஓடுகின்றன. இங்கே அரைமணி நேரம் ஒதுக்குங்கள். நிழலும் குளிர்ச்சியும் உண்டு. திரும்ப ஏறக் கால் வலிக்கத் தேவையில்லை, ஃபோந்தெபிராந்தா வாசலுக்கு வெளியே வாகன நிறுத்தத்திலிருந்து நகரும் படிக்கட்டுகள் கதீட்ரலின் பக்கம் கொண்டுவிடும்.

ஆறு பேட்டைக்கு இரண்டரை மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வயதுக்குக் கீழே என்றால் ஒரு நாளுக்கு ஒரு தெர்சோ போதும். பதினேழையும் ஒரே நாளில் முடித்தே தீரவேண்டும் என்று இழுத்துக்கொண்டு போவது வேட்டையைக் கெடுத்துவிடும். சீட்டு மிஞ்சினால் மிஞ்சட்டும்.

கதீட்ரல் பக்கம் ஏறியதும் செல்வா பேட்டையின் காண்டாமிருகம் கிடைக்கும். இங்கே கூடுதல் புதிர்கள் இரண்டு. கதீட்ரலின் இடப்புற வெளிச்சுவரில் ஐந்து லத்தீன் சொற்கள் ஐந்து வரியாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன: சாத்தோர், அரெப்போ, தெனெத், ஓப்பெரா, ரோத்தாஸ். லத்தீன் எழுத்தில் ஒவ்வொன்றும் ஐந்தெழுத்து. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் எப்படிப் படித்தாலும் அதுவே வரும். நம் சித்திரகவிகளின் மாலைமாற்றும் சுழிகுளமும் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டாவது, கதீட்ரலின் வலப்பக்கம் தனியாக நிற்கும் மாபெரும் சுவர். 1339இல் கதீட்ரலை உலகின் மிகப்பெரியவற்றுள் ஒன்றாக விரிக்கத் தொடங்கினார்கள், 1348இன் கொள்ளைநோய் அதை நிறுத்திவிட்டது. "கூரையில்லாத தேவாலயத்தைப் படமெடு" என்று சீட்டில் எழுதினால் குழந்தைகள் சரியாகவே கண்டுபிடிப்பார்கள். கதீட்ரலின் உள்ளே பளிங்குத் தரையில் ஓநாயைச் சுற்றி யானை, முயல், சிங்கம் என்று விலங்குகளால் ஆன வட்டம் இருக்கிறது. ஆனால் தரையின் பெரும்பகுதியை ஆண்டின் பெரும்பாலான நாட்கள் மூடியே வைத்திருப்பதால் அதைச் சீட்டில் சேர்க்கவேண்டாம்.

போஸ்தியெர்லா சதுக்கத்தில் கழுகு, அக்விலா. ஸ்தல்லோரெஜி தெருவில் சிறுத்தை, பந்தேரா. சான் மார்க்கோ தெருவில் நத்தை. தொம்மாசோ பெந்தோலா தெருவில் ஆமை, தார்த்தூக்கா. நத்தையும் ஆமையும் அண்டைவீட்டார், அதோடு பரம எதிரிகள். அக்விலாவுக்கும் பந்தேராவுக்கும்கூட அப்படியே. வேட்டையின் மிகச்சிறந்த சீட்டை இங்கேதான் வைக்கவேண்டும்: ஒரு கால் ஒரு பேட்டையில், மறுகால் எதிரியின் பேட்டையில் இருக்க நிற்பது. எல்லை பல இடங்களில் தெருவின் நடுவிலேயே ஓடும். இந்தப் பக்கச் சுவரில் ஒரு பலகை, எதிர்ப்பக்கச் சுவரில் வேறு பலகை. இரண்டையும் ஒரே படத்துக்குள் கொண்டுவர முடியாது. மூன்று படங்களாக எடுத்துச் சேர்க்கவேண்டும் என்பதைக் குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும். பிறகு ஜொவான்னி துப்ரே தெருவில் இறங்கினால் ஓண்டாவின் டால்பின், கீழே காம்போ.

சான் மார்த்தினோ பக்கம் ஐந்துதான். செக்கோ அஞ்சொலியெரி தெருவில் ஆந்தை, சிவெத்தா. பந்தானெத்தோவில் ஒற்றைக்கொம்புக் குதிரை, பிஸ்பீனியில் சிப்பி, செர்வி தேவாலயத்தருகே செம்மறிக்கடா. அந்தத் தேவாலயத்தின் படிக்கட்டுகளில் உட்காருங்கள். கதீட்ரலும் காம்போவிலுள்ள நகரசபையின் மாஞ்சா கோபுரமும் ஒரே சட்டத்தில் தெரியும் இடம் அது. சலிகோத்தோ தெருவில் யானையைப் பிடித்துக்கொண்டு காம்போவுக்கு வந்துவிடலாம்.

காம்போவின் செங்கல் தரையை வெண்கல் வரிகள் ஒன்பது விசிறிப் பட்டைகளாகப் பிரிக்கின்றன. 1287 முதல் 1355வரை ஊரை ஆண்ட ஒன்பதின்மர் அவையின் நினைவு அது. குழந்தைகள் கோடுகளை எண்ணி எட்டு என்பார்கள். பட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். எல்லா வரிகளும் சரிந்துவந்து சேரும் அடிப்புள்ளியில் மழைநீர் வடியும் வாய் இருக்கிறது. அதையும் நகரசபை முகப்பில் 1425இல் வைத்த கதிர்சூழ் வட்டத்தையும் எடுத்தால் கூடுதல் புதிர்கள் ஏறக்குறைய தீர்ந்துவிடும். மாஞ்சா கோபுரத்தில் ஏற ஏறத்தாழ 400 குறுகிய படிகள். சிறு குழந்தைகளோடு வேட்டை நாளன்று அதைத் தொடவேண்டாம்.

போகும் காலத்தைப் பற்றி ஒரு சொல். ஜூன் 29 முதல் ஜூலை 2வரையும் ஆகஸ்ட் 13 முதல் 16வரையும் பந்தய நாட்கள். தெருக்கள் கொடிகளால் நிறைந்து அழகாக இருக்கும், ஆனால் காம்போவில் மண் கொட்டியிருப்பார்கள், கூட்டத்தில் குழந்தை நகரவே முடியாது. மே மாதமும் செப்டம்பரும் நல்லவை. வசந்தத்திலும் கோடையிலும் ஒவ்வொரு பேட்டையும் தன் புனிதர் விழாவுக்கு முரசும் கொடியுமாக ஊர்வலம் வரும். எதிர்ப்பட்டால் வேட்டையை நிறுத்தி ஓரமாக நின்று பாருங்கள். வரிசைக்குள் புகுந்து படமெடுக்கக் கூடாது. ஒரு பேட்டையின் கழுத்துத்துணியை வாங்கிக் கட்டிக்கொண்டு எதிரிப் பேட்டைக்குள் சுற்றுவதும் வேண்டாம். அவர்களுக்கு இது வேடிக்கைப் பொருள் அல்ல. பேட்டை அருங்காட்சியகங்கள் பொதுவாக முன்கூட்டி எழுதிக் கேட்டால் மட்டுமே திறக்கும்.

மதியம் ஒன்று முதல் நான்குவரை பல சிறுகடைகள் மூடியிருக்கும். சாப்பாட்டையும் ஓய்வையும் அந்த நேரத்தில் வையுங்கள். நீரூற்றுகளில் குடிக்குமுன் "நோன் பொத்தாபிலே" என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் குடிநீர் அல்ல. மழைக்குப்பின் கல் பாவிய சரிவுகள் வழுக்கும், ரப்பர் அடிச் செருப்பும் போதாது, பிடிப்புள்ள காலணி வேண்டும். சந்துகளில் கைபேசியின் இடங்காட்டி அடுத்த தெருவைக் காட்டும். காகித வரைபடமும் 10,000 எம்ஏஎச் மின்சேமிப்பியும் பையில் இருக்கட்டும். பரிசாக இனிப்பு வாங்குவதென்றால் ஊரின் பேர்போன இரண்டிலும், ரிச்சரெல்லியிலும் பான்ஃபோர்த்தேயிலும், பாதாம் உண்டு. கொட்டைப்பருப்பு ஒவ்வாத குழந்தைக்கு ஐஸ்கிரீம் கடையில் பழ வகையைக் கேளுங்கள், கரண்டியை மாற்றச் சொல்லி.