நேற்று இரவு சர்வர் என்ன செய்துகொண்டிருந்தது?

சர்வர் இந்த நொடியில் எப்படி இருக்கிறது என்று பார்க்க எச்டாப் என்ற கருவி போதும். நேற்று இரவு ஒன்பதரைக்கு எப்படி இருந்தது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. எனக்கு வரும் புகார்களோ எல்லாம் நேற்றைப் பற்றியவை.

ஒரு மளிகை மொத்தக் கடையின் பில்லிங் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். டெபியன் 12 லினக்ஸ், நான்கு கோர், பழைய ஹார்டு டிஸ்க். "தம்பி, ராத்திரி கணக்கு முடிக்கிற நேரத்துல ஸ்கிரீன் அப்படியே நின்னுடுது" என்று கணக்கு பார்க்கும் அக்கா காலையில் போன் செய்வார். அப்போது உள்ளே போய்ப் பார்த்தால் மெஷின் சாதுவாக இருக்கும்.

முதலில் போட்டது சிஸ்ஸ்டாட், சர்வரின் நிலையை அவ்வப்போது பதிந்து வைக்கும் கருவி. டெபியனின் நிறுவல் கட்டளையான ஆப்டில் ஒரே வரியில் இறங்கிவிடும். ஆனால் டெபியனில் நிறுவியதோடு பதிவு தொடங்காது. ஈடிசி அடைவுக்குள் டிஃபால்ட், அதற்குள் சிஸ்ஸ்டாட் என்ற கோப்பு. அதில் எனேபிள்ட் வரியில் இருக்கும் ஃபால்ஸை ட்ரூ ஆக்கி, சேவையை மறுபடி தொடங்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் தேவைப்படும் நாளில் பதிவே இருக்காது.

இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதும். மூன்று நிமிடத் திணறல் அந்தச் சராசரியில் கரைந்துபோகும் என்பதால் அதை ஓட்டும் டைமரை 2 நிமிடமாக்கினேன். மாற்றும்போது, நேரத்தைக் குறிக்கும் புதிய ஆன்கேலண்டர் வரிக்கு மேலே மதிப்பில்லாத ஆன்கேலண்டர் வரி ஒன்று வேண்டும். இல்லையேல் பழைய அட்டவணையும் சேர்ந்து ஓடும்.

பதிவு தெளிவாகவே சொன்னது. இரவு 9.20க்கு லோட் ஆவரேஜ், அதாவது ஓடும், காத்து நிற்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை, 11. சிபியூவோ பாதி சும்மா, இன்னொரு 40 சதவீதம் ஐஓவெயிட், அதாவது டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரம். லினக்ஸ் 1993 முதலே, சிபியூவுக்காக நிற்கும் வேலைகளோடு டிஸ்க்குக்காக முடங்கி நிற்பவற்றையும் லோடில் சேர்த்து எண்ணுகிறது. ஆகவே லோட் எண்ணை மட்டும் பார்த்துப் புது பிராசஸருக்குச் செலவு வைப்பது அநியாயம்.

டிஸ்க்கைப் பிடித்து வைத்திருந்தது யார்? அதற்கு ஏடாப் என்ற இன்னொரு கருவி. டெபியனில் நிறுவியதுமே பின்னணியில் பதியத் தொடங்கிவிடும்; 28 நாள் வைத்திருக்கும். ஒவ்வொரு புராசஸும், அதாவது ஓடும் ஒவ்வொரு நிரலும், பெயரோடு இருக்கும். இரண்டு பதிவுக்கு நடுவில் தோன்றி முடிந்துபோனதைக்கூட முடிந்த நிரல்களை லினக்ஸ் குறித்து வைக்கும் புராசஸ் அக்கவுண்டிங் வழியாகப் பிடித்துவிடும். இந்த ஒன்றுக்காகவே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். அன்றைய கோப்பைத் திறந்து 9.20க்கு நகர்ந்தால், ஆர்சிங்க்! ஸ்கேன் செய்த ரசீதுகளை நகலெடுக்கும் வேலை, எனக்கு முன் இருந்தவர் 9.15க்கு க்ரானில், அதாவது வேலைகளைக் குறித்த நேரத்தில் ஓட்டும் வசதியில், வைத்தது. கடை எட்டு மணிக்கே மூடிய காலத்தில் அது சரியான நேரம்தான். இப்போது அதிகாலை மூன்றுக்கு மாற்றியாயிற்று. அக்காவின் போன் நின்றது.

நெட்டேட்டா என்ற கண்காணிப்புக் கருவியின் வரைபடங்கள் அழகு, நொடிக்கு நொடி காட்டும். ஆனால் 2 ஜிபி ரேம் உள்ள மெஷினில் கண்காணிப்புக்கென்று அவ்வளவு இடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

டெபியனில் சிஸ்ஸ்டாட் 7 நாள் பதிவைத்தான் வைத்திருக்கும். ஹிஸ்டரி மதிப்பை 60 ஆக்கியிருக்கிறேன், இந்த மாதக் கடைசி நெரிசலைப் போன மாதக் கடைசியோடு ஒப்பிட்டுப் பார்க்க.