எலுமிச்சம்பழத்துல ஸ்டார்ட் ஆன வண்டி

இத மூணு மாசமா மனசுக்குள்ளயே போட்டு பூட்டி வச்சிருக்கேன். நம்ம ஆளுங்ககிட்ட சொன்னா என் சூப்பர்வைசர் பொழப்பு அன்னிக்கே சிரிப்பா சிரிச்சிரும். அதனால இங்க எழுதுறேன். எங்க பசங்க யாராச்சும் இத படிச்சா, அது நான் இல்ல, வேற யாரோ.

சிங்கப்பூர்ல புல்லு வெட்டுற வேலைன்னா எல்லாருக்கும் தெரிஞ்சது முதுகுல மெஷின மாட்டிக்கிட்டு, மூஞ்சிக்கு வலை, காலுக்கு பூட்ஸு, கழுத்து வரைக்கும் புல்லுத் தூளுன்னு ரோட்டோரம் நிக்கிற கோலம்தான். எங்க கம்பெனில ஒரு ரைடான் வண்டி வாங்குனாங்க, உக்காந்துக்கிட்டே வெட்டுறது, ரெண்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், அடியில டெக்குன்னு 48 இன்ச் அகலத்துக்கு ஒரு மூடி, அதுக்குள்ள மூணு பிளேடு. வந்த அன்னிக்கு பசங்க அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பி, ஒருத்தன் வீட்டுல டிராக்டர் வாங்கிட்டியான்னு கேட்டாங்களாம். அதுல உக்கார பரமக்குடி அண்ணனுக்கு மட்டும்தான் உரிமை. ஊருல டிராக்டர் ஓட்டுனவரு, சீனியர். மத்தவங்களுக்கு பெருமூச்சு மட்டும்தான்.

டிசம்பர் மாசம், மழ நேரம், கவ் கிராஸ் புல்லு ஒரு வாரம் விட்டா கணுக்கால மறைக்குது. துவாஸ் பக்கம் ஒரு ஃபேக்டரி காம்பவுண்டு. மதியம் ரெண்டு மணிக்கு வெளிநாட்டுல இருந்து பெரிய ஆளுங்க வர்றாங்களாம், அதுக்குள்ள முன்பக்க பீல்டு பச்சக் கம்பளம் மாதிரி இருக்கணும்னு அந்த ஆபீஸ் ஆண்ட்டி நாலு தடவ சொல்லிட்டாங்க. காலைல ஏழரைக்கு லாரில இருந்து வண்டிய இறக்கி நிறுத்தி எஞ்சின ஆஃப் பண்ணியாச்சு. அப்புறம் டூல்பாக்ஸ் மீட்டிங். பாதுகாப்பு பத்தி பேசுறது யாரு, நான்தான். கிளவுஸ் போடு, கண்ணாடி போடு, மெஷின் பக்கத்துல கவனமா இருன்னு பத்து நிமிஷம் பிரசங்கம். பேசும்போது கைய ஆட்டணும்ல, அதனால வரும்போது வாங்கிட்டு வந்த தே தாரிக் பொட்டலத்த பக்கத்துல மாட்டி வச்சேன். சிங்கப்பூர்ல டீ பொட்டலம் மாட்டாத எடம் எது சொல்லுங்க, லாரி கண்ணாடி, கேட் கொண்டி, ஏணிப்படி, மரக்கிளை, ஸ்ட்ரா குத்தி ராஃபியா கயித்துல தொங்கிக்கிட்டே இருக்கும்.

மீட்டிங் முடிஞ்சுது, டீய வெடுக்குன்னு எடுத்துக்கிட்டு நான் நகந்துட்டேன். அண்ணன் ஏறி உக்காந்து, பிரேக்க மிதிச்சு, சாவிய திருப்புனாரு.

ஒண்ணுமே இல்ல. கிர்ருன்னு இல்ல, டிக்குன்னு கூட இல்ல. பொணம் மாதிரி கிடக்குது.

பேட்டரிதான்னு எல்லாரும் ஒரே குரல்ல சொன்னோம். சீட்ட தூக்கிட்டு மீட்டர வச்சா 12.6 வோல்ட்டு காட்டுது, அது ஃபுல் சார்ஜு. அப்பயும் புதுக்கோட்டைத் தம்பி லாரில இருந்து ஜம்பர் கேபிள இழுத்துக்கிட்டு ஓடி வர்றான். எங்க லாரி 24 வோல்ட்டு, இது 12, மாட்டியிருந்தா அத்தோட கதை முடிஞ்சிருக்கும், நல்லவேளை கத்தி நிறுத்துனேன். டெர்மினல்ல வெள்ளையும் பச்சையுமா பூத்திருந்துச்சு, அத சுரண்டுனோம். சுடுதண்ணி ஊத்துனா நல்லா போகும்னு ஒருத்தர் சொல்ல, தம்பி என் கையில இருந்த டீய பாக்குறான். டேய், அதுல பால் இருக்குடா. அப்புறம் ஃபியூஸ கழட்டி வெயில்ல தூக்கிப் பிடிச்சு பாத்தோம், அதுவும் நல்லாதான் இருக்கு.

இந்த எடத்துல அண்ணன் தன் டிராக்டர் வித்தையை எடுத்தாரு. ஸ்டார்ட்டருக்கு கரண்ட் அனுப்புற சோலனாய்டுல ரெண்டு பெரிய போல்ட்டு இருக்கும்ல, சாவிய ஆன்ல வச்சிட்டு நீட்டு ஸ்க்ரூடிரைவர அது ரெண்டுக்கும் குறுக்க வச்சாரு. சடார்னு நெருப்புப் பொறி, எஞ்சின் கிர்ர்ர்ருன்னு சுத்துது! பசங்க கை தட்டுறாங்க. ஆனா சுத்துதே தவிர பத்திக்கல. கால் மணி நேரத்துக்கு முன்னாடி பாதுகாப்பு பத்தி பிரசங்கம் பண்ணவன் நான், பக்கத்துல நின்னு "இன்னொரு தடவ வைங்கண்ணே"ங்கிறேன்.

சரி, ஸ்டார்ட்டர் ஓகே, அப்ப பெட்ரோலா? முந்தா நாள் போட்ட 95, கப்புல பிடிச்சு மோந்து பாத்தா கமகமன்னு இருக்கு. ஃபில்டர்லயும் வருது. அடுத்து பிளக்கு. கழட்டி கேப்புல மாட்டி எஞ்சின் இரும்புல ஒட்ட வச்சு மறுபடி சுத்த விட்டோம், பொறி இல்ல. ரெண்டாவது பிளக்கு, அதுலயும் இல்ல. துடைச்சு, உப்புத்தாள் போட்டு தேச்சு, முனையில 0.76 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கான்னு தகட்ட விட்டு பாத்து, பாய் ஒருத்தர் இருக்காரு பங்களாதேஷ்காரரு, அவரு அத பிஸ்மில்லா சொல்லி ஊதியும் கொடுத்தாரு. ம்ஹூம்.

அப்ப நான் கம்பீரமா தீர்ப்பு சொன்னேன், பிளக்குக்கு பொறி கொடுக்குற காயில் போச்சு.

அண்ணன் மெதுவா கேட்டாரு. "ஏன் தம்பி, சிலிண்டருக்கு ஒண்ணுன்னு காயில் ரெண்டு இருக்கு, ரெண்டும் சொல்லி வச்ச மாதிரி ஒரே நேரத்துலயா சாவும்?"

எவ்வளவு நல்ல கேள்வி பாருங்க. ரெண்டுக்கும் பொதுவா ஒரு ஒயர்தான் வருது, எஞ்சின ஆஃப் பண்ற ஒயரு, அது எர்த் ஆனா ரெண்டு பிளக்குலயும் சேந்தாப்புல பொறி போயிரும். அத யோசிச்சிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "சிங்கப்பூர் ஈரம்ணே, அப்படித்தான்." சூப்பர்வைசர் சொல்லிட்டா மறுபேச்சு ஏது.

தவுக்கேக்கு, அதான் எங்க முதலாளிக்கு, போன போட்டேன். அவரு எப்பவும் கேக்குற ஒரே கேள்வி, "கேன் ஓர் நாட்?" நாட்னு சொன்னேன். காயில் வர ரெண்டு நாள் ஆகும், முதுகு மெஷின வச்சு வெட்டுன்னாரு. மணி பத்தரை. அவ்வளவு பெரிய பீல்ட மூணு பேரு ஒரு மூலைல இருந்து ஆரம்பிச்சாங்க, ஆபீஸ் ஆண்ட்டி கண்ணாடிக் கதவுக்குப் பின்னாடி நின்னு வாட்ச்ச பாக்குறாங்க, மேல பாத்தா ஜோகூர் பக்கமா கருமேகம் ஏறுது. இந்த ஊருல வருஷத்துல 160 நாளுக்கு மேல இடி இடிக்கும், அதுல ஒண்ணு இன்னிக்குத்தானான்னு எனக்கு வயித்த கலக்குது. மின்னல் எச்சரிக்கை அடிச்சா எல்லாரும் உள்ள ஓடணும், அப்புறம் புல்லாவது பூவாவது.

தம்பி மட்டும் ஆரம்பத்துல இருந்தே ஒரே பாட்டு. "அண்ணே, ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வச்சோம், இதுக்கு வைக்கல, அன்னிக்கு இது வேற சைட்டுல இருந்துச்சு, அந்தக் கோவம்தான்." பையத் தொறந்து ஒரு எலுமிச்சம்பழத்த எடுத்தான், வெள்ளிக்கிழமை வீரமாகாளியம்மன் கோயில்ல கொடுத்ததாம், டிஷ்யூல சுத்தி பத்திரமா வச்சிருக்கான். முன் டயருக்கு அடியில வச்சான். அடுத்து கற்பூரம் எடுத்தான் பாருங்க, டேய், பெட்ரோல் டேங்க் மூடி இன்னும் தொறந்து கிடக்குடான்னு பிடுங்கி என் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். சரின்னு கண்ண மூடி கும்பிட மட்டும் செஞ்சான்.

பாய் எனக்கு ரெண்டாவது டீ வாங்கிட்டு வந்தாரு. பிளக்கெல்லாம் திருப்பி மாட்டுற வேலையப் பாக்கலாம்னு பழக்க தோஷத்துல பொட்டலத்த பழைய எடத்துலயே மாட்டப் போனேன்.

பழைய எடம்னா, ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் மஞ்சக் கலர்ல காளான் மாதிரி ஒரு குமிழ். காலைல மாட்டும்போது அது பலகையோட ஒட்டி உக்காந்திருந்துச்சு, கயித்த அதுக்கு அடியில நெருக்கி நுழைச்சது நல்லா ஞாபகம் இருக்கு. இப்ப ஒரு விரக்கடை உசரமா எழுந்து நிக்குது, கயிறு தாராளமா போயி உக்காருது.

அந்தக் குமிழ் பிளேடு சுவிட்ச். மேல இழுத்தா பிளேடு ஆன், கீழ அமுக்குனா ஆஃப். பிளேடு ஆன்ல இருந்தா வண்டி ஸ்டார்ட்டருக்கு கரண்ட்டே விடாது, அதுதான் காலைல அந்த சாவு அமைதி. சீட்டுல ஆள் இல்லாம பிளேடு ஆன்ல இருந்தா பொறியவும் வெட்டிரும், நாங்க சீட்ட தூக்கி வச்சுக்கிட்டுல்ல ஸ்க்ரூடிரைவர் வித்தை காட்டுனோம். பேட்டரி நல்லாருக்கு, காயில் நல்லாருக்கு, பிளக்கு நல்லாருக்கு. மூணு மணி நேரமா கெட்டுப் போயிருந்தது நான் ஒருத்தன்தான், டீய வெடுக்குன்னு இழுத்ததுல குமிழும் கூடவே வந்திருக்கு.

சுத்தி பாத்தேன். அண்ணன் குனிஞ்சு பிளக்க முறுக்கிட்டு இருக்காரு. தம்பி கும்புடுறான். நான் டீய எடுத்துட்டு, கட்ட விரலால குமிழ ஒரு அமுக்கு, டக். அந்த சத்தத்த மறைக்க ஒரு இருமல்.

"சும்மா கடைசியா ஒரு தடவ சாவியப் போட்டு பாப்போம்ணே, சீட்ட இறக்கிட்டு ஏறுங்க."

திருப்புனாரு. ரெண்டே சுத்து, கும்முனு பிடிச்சுது. தம்பி "ஆத்தா!"ன்னு கத்துனதுல கண்ணாடிக்குப் பின்னாடி நின்ன ஆண்ட்டி ரெண்டடி பின்னால போயிட்டாங்க. அண்ணன் இறங்கி வந்து டயர தொட்டு கண்ணுல ஒத்திக்கிட்டாரு, பாய் கூட சிரிச்சுக்கிட்டே நெஞ்சுல கை வச்சாரு. எலுமிச்சம்பழத்து மேல ஏத்திக்கிட்டு வண்டி போச்சு. ஒன்றே முக்காலுக்கு பீல்டு முடிஞ்சுது, மழ ரெண்டரைக்குத்தான் வந்துச்சு. தவுக்கேகிட்ட லூஸ் கனெக்‌ஷன்னு சொல்லி காயில் ஆர்டர கேன்சல் பண்ணேன்.

ராத்திரி படுத்தப்புறம்தான் ஒண்ணு உறைச்சுது. ஸ்க்ரூடிரைவர் வச்சு சுத்தும்போது எஞ்சின் மட்டும் பிடிச்சிருந்தா கூடவே மூணு பிளேடும் சுத்தியிருக்கும், அண்ணன் பூட்ஸு டெக்கு ஓரத்துலதான் இருந்துச்சு. பொறிய வெட்டி நிறுத்துனது அந்த வண்டி. அன்னிக்கு தூக்கம் வரல. அடுத்த மீட்டிங்குல ஸ்க்ரூடிரைவர் வித்தை இனிமே கூடவே கூடாதுன்னு சொல்லிட்டேன், காரணம் மட்டும் சொல்லல.

இப்ப திங்கக்கிழமை தோறும் அந்த வண்டிக்கு எலுமிச்சம்பழம். தேக்கா மார்க்கெட்ல வாங்குறது தம்பி, காசு நான். நான் கொடுக்கலன்னா யாரு கொடுப்பா. நேத்து தவுக்கே போன் பண்ணாரு, அவரு லாரில ஏர்கான் வேலை செய்யலையாம், அந்தப் பையன கூட்டிட்டு வா, பழத்த மறந்துராதங்கிறாரு.