தொண்ணூறு நூறான கதை

வெள்ளிக்கிழமை மாலை 4 மணி என்றால் எங்கள் டீமுக்கு டோஜோ. கராத்தே பழகும் கூடத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர். வேலைக்கான கோடு (புரோகிராம்) எதையும் தொடாமல், புரோகிராம் எழுதித் தீர்க்கும் சின்னக் கணக்கு ஒன்றை எல்லோரும் கூடிப் போட்டுப் பழகுவோம். இப்படிப்பட்ட கணக்குகளுக்குக் 'காட்டா' (கராத்தேயில் திரும்பத் திரும்பப் பழகும் அசைவு வரிசை) என்று பெயர் சூட்டியவர் டேவ் தாமஸ் என்ற புரோகிராமர்.

ஒரே லேப்டாப், ஒரு ப்ரொஜெக்டர். ஒருவர் தட்டுவார், பக்கத்தில் இருப்பவர் வழி சொல்வார். 5 நிமிடத்தில் போனில் மணி அடித்ததும், பாதி வரியில் இருந்தாலும், தட்டியவர் எழுந்துவிட வேண்டும். கோடு சரியா என்று பார்க்கும் டெஸ்ட் தோற்றால் திரையில் சிவப்பு, தேறினால் பச்சை. சிவப்பில் இருக்கும்வரை பார்ப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. 15 வருடமாக வாயால் வேலை பார்த்த எனக்கு அதுதான் பெரிய தண்டனை.

வழக்கமான ரோமன் எண்கள் சலித்துப்போன ஒரு வாரம், சேர்ந்து நான்கு மாதமே ஆன டெஸ்டர் பெண் கேட்டார்: "தமிழ்ல எழுத்தால எழுதின எண்ணை இலக்கமா மாத்தலாமா சார்?" அரை மணி வேலை என்று நினைத்தேன்.

நூறுகள் என் முறையில் வந்தன. இருநூறு, முந்நூறு சரி. எண்ணூறு இடித்தது, அதில் 'நூ' இல்லை, 'ணூ'. 'ஊறு' என்ற ஓசையில் முடிந்தாலே நூறு என்று மாற்றினேன். பச்சை. மணி அடித்தது, பெருமையாக எழுந்தேன்.

அடுத்து அந்த டெஸ்டர் பெண் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லாமல் ஒரே ஒரு டெஸ்ட் எழுதினார்: தொண்ணூறு. என் கோடு அதையும் நூறுகளில் சேர்த்துவிட்டது. அப்புறம் தொள்ளாயிரம். அது ஆயிரங்களில் போய் விழுந்தது. "90க்கு நூறுலேருந்தும், 900க்கு ஆயிரத்துலேருந்தும் பேர் வச்சிருக்காங்க சார். ஒன்பதாயிரம் மறுபடி ஒழுங்கா வந்துடும்." பிறந்ததிலிருந்து சொல்லிவந்த சொற்கள், ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை.

வேலை நாளில் இதே கோடு மற்றவர்கள் சரிபார்க்கும் ரிவ்யூவுக்குப் போயிருந்தால், சீனியர் எழுதியது என்று 'சரி' என ஒரு கட்டைவிரல் விழுந்திருக்கும், அவ்வளவுதான். டோஜோவில் எழுதியதை முடிவில் அழித்துவிடுவோம். காப்பாற்ற ஒன்றுமில்லாததால் யாருக்கும் ரோஷம் வருவதில்லை என்று நினைக்கிறேன். (ஒருவர் ரகசியமாக ஒரு காப்பி வைத்திருந்தார், அது வேறு கதை.) "இதனால் அவுட்புட் என்ன?" என்று மேலே கேட்டார்கள். ரிலீஸ் நெருக்கடியில் இரண்டு மாதம் நின்றும் போனது.

போன வாரம் நிஜ வேலையில் என் கோடுக்குக் கீழே அந்த டெஸ்டர் பெண்ணின் குறிப்பு: "இதுல தொண்ணூறு எங்கே சார்?" தேடிப் பார்த்தேன். இருந்தது.